எம்4ஏ4-ஆ, எம்4ஏ1-எஸ்-ஆ: எத்தனை தோட்டா, எவ்வளவு தூரம்?

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (சிஎஸ்2) என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டில் சிடி பக்கம், அதாவது பயங்கரவாதிகளைத் தடுக்கும் அணியில், ஆடுபவர்கள் எந்த எம்4 ரைஃபிளை வாங்குவது என்று ஓயாமல் கேட்கும் கேள்வி இது. ஒருவர் "ஏ1-தான் டேமேஜ் அதிகம், 38 பாருங்கள்" என்பார். இன்னொருவர் "20 தோட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?" என்று மடக்குவார். இருவர் சொல்வதும் சரிதான், பதில் மட்டும் கிடைப்பதில்லை. காரணம், 38, 33 என்ற அடிப்படை எண்களை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. எதிராளியை வீழ்த்துவதற்கு எத்தனை தோட்டா பட வேண்டும், அந்த எண்ணிக்கை எந்தத் தூரத்தில் மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 26 டேமேஜும் 32 டேமேஜும் கொடுக்கும் இரண்டு துப்பாக்கிகள் ஓர் ஆட்டக்காரரின் முழு உயிரான 100 ஹெல்த்தை 4 தோட்டாவில்தான் தீர்க்கும் என்றால், அந்த 6 புள்ளி வித்தியாசத்தால் ஒரு பயனும் இல்லை.

## எதை வைத்து அளப்பது

டேமேஜ் கணக்கு நான்கு படிகளில் நடக்கிறது.

முதலில் துப்பாக்கியின் அடிப்படை எண்: ஏ4-க்கு 33, ஏ1-எஸ்-க்கு 38.

அடுத்து, தோட்டா படும் இடம். மார்பும் கைகளும் 1 மடங்கு, வயிறு 1.25, கால் 0.75. தலைக்குப் பெரும்பாலான துப்பாக்கிகளில் 4 மடங்கு. ஏ1-எஸ்-க்கு மட்டும் இங்கே ஒரு பிடி இருக்கிறது: அதன் தலைப் பெருக்கம் 3.475. உடல் டேமேஜை உயர்த்தியபோது ஹெட்ஷாட் எகிறிவிடாதபடி ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் வைத்த கடிவாளம் இது. 38 × 3.475 என்பதும் 33 × 4 என்பதும் 132-ஐ ஒட்டியே வந்து நிற்கின்றன.

மூன்றாவது ஆர்மர், அதாவது கவச உடை. இரண்டு எம்4-களும் ஆர்மரைத் தாண்டி 70% டேமேஜை உள்ளே அனுப்பும். எதிரணியின் ஏகே-47 அனுப்புவது 77.5%. கால்களுக்கு ஆர்மர் கிடையாது.

நான்காவது தூரம். ஒவ்வொரு 500 யூனிட்டுக்கும் டேமேஜ் ஒரு பின்னத்தால் பெருக்கப்படும்: ஏ4-க்கு 0.97, ஏ1-எஸ்-க்கு 0.94, ஏகே-க்கு 0.98. 2022 நவம்பர் அப்டேட்டில் ஏ1-எஸ்-இன் நெடுந்தூர டேமேஜைக் குறைத்தார்கள். ஏடபிள்யூபி ஸ்னைப்பரின் மேகசின் 10-லிருந்து 5 ஆனதும் அதே அப்டேட்டில்தான். ஏடபிள்யூபி பற்றி எழுந்த கூச்சலில் ஏ1-எஸ்-க்கு நடந்தது பலர் கண்ணில் படவே இல்லை. அதற்கு முந்தைய நினைவில் "ஏ1-தான் தூரத்துக்கு" என்று சொல்லித் திரிபவர்கள் இன்றும் உண்டு.

500 யூனிட் என்றால் எவ்வளவு? நிற்கும் ஒரு ஆட்டக்காரரின் உயரம் 72 யூனிட். ஏழு பேரைத் தலைக்குக் கால் சேர்த்து வரிசையாகப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 500. பலர் நினைப்பதைவிடக் குறைந்த தூரம் இது.

கடைசியில் தசமம் வெட்டப்படும். 33.25 என்றால் ஹெல்த்தில் குறைவது 33. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் இப்படி ஓரிரு புள்ளி பற்றாமல் போவது இரண்டு இடங்களில் கழுத்தை அறுக்கிறது. கீழே பார்ப்போம்.

டேமேஜுக்கு வெளியே சுடும் வேகம், மேகசின், சைலன்சர், பணம் ஆகியவற்றையும் தராசில் வைக்க வேண்டும்.

## எண்கள் ஒரே பார்வையில்

எதிராளி ஆர்மரும் ஹெல்மெட்டும் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். டி பக்கத்தில் (சிடி-யின் எதிரணி) முழுதாக வாங்கும் ரவுண்டில் நிலைமை அதுதான்.

| | எம்4ஏ4 | எம்4ஏ1-எஸ் | ஏகே-47 (ஒப்பிட) |
|---|---|---|---|
| நிமிடத்துக்குத் தோட்டா | 666 | 600 | 600 |
| மேகசின் | 30 | 20 | 30 |
| தலை, மிக அருகில் | 92 | 92 | 111 |
| தலை, 500 யூனிட் | 89 | 86 | 109 |
| தலை, 1000 யூனிட் | 86 | 81 | 107 |
| தலை, 1500 யூனிட் | 84 | 76 | 105 |
| தலை, 2000 யூனிட் | 81 | 72 | 102 |
| மார்பு, மிக அருகில் | 23 | 26 | 27 |
| மார்பு, 500 யூனிட் | 22 | 25 | 27 |
| மார்பு, 1000 யூனிட் | 21 | 23 | 26 |
| மார்பு, 1500 யூனிட் | 21 | 22 | 26 |
| மார்பு, 2000 யூனிட் | 20 | 20 | 25 |

மார்பு வரிசையைப் பாருங்கள். 1500 யூனிட்டிலும் ஏ1-எஸ் 22, ஏ4 21. "அப்போது ஏ1-தானே மேல்?" என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் 5 தோட்டா தேவை. 5 தோட்டா என்றால் ஏ4-க்கு 0.36 விநாடி, ஏ1-எஸ்-க்கு 0.4 விநாடி. பெரிய எண்ணைக் காட்டும் துப்பாக்கிதான் மெதுவாகக் கொல்கிறது.

## எம்4ஏ1-எஸ்: எங்கே வெல்கிறது

இதன் ராஜ்ஜியம் அந்த முதல் 500 யூனிட். அங்கே மார்பில் 4 தோட்டா போதும், 0.3 விநாடியில் கதை முடியும். ஏ4-க்கு அங்கேயும் 5 தோட்டா, 0.36 விநாடி. 500-இல் மார்பு டேமேஜ் மிகச் சரியாக 25. அதைத் தாண்டி ஓரடி போனாலும் 24, உடனே ஐந்தாவது தோட்டா தேவைப்படும்.

நிஜ ஸ்ப்ரேயில் (விசையை விடாமல் சுடும்போது) எல்லாத் தோட்டாவும் மார்பிலேயே படாது. பாதி வயிற்றில் இறங்கும். அந்தக் கலவையில் ஏ1-எஸ்-இன் மேன்மை கொஞ்சம் நீள்கிறது. இரண்டு வயிறு, இரண்டு மார்பு என்று வைத்தால், 1000 யூனிட்டில் 29 + 29 + 23 + 23 = 104. நான்கு தோட்டாவில் வேலை முடிந்தது. அதே நான்கு ஏ4-இல் பட்டால் 500 யூனிட்டில் கூட்டுத்தொகை சரியாக 100, அதற்கு மேல் போனால் பற்றாது. ஆக, உடலைக் குறிவைத்து ஒரே ஆளைச் சுட்டு வீழ்த்தும் பழக்கம் உள்ளவருக்கு, நடுத்தரத் தூரம்வரை ஏ1-எஸ் கை கொடுக்கும்.

ஆர்மர் இல்லாத எதிராளியிடம் இது இன்னும் கூர்மை. மார்பில் 38 × 3 = 114, மூன்று தோட்டா, 0.2 விநாடி. ஏறக்குறைய 900 யூனிட் வரை இந்த மூன்று தோட்டாக் கணக்கு நிற்கும். எதிரணி காசில்லாமல் வெறும் பிஸ்டலோடு பாய்ந்து வரும் ரவுண்டில் இதைவிட நல்ல துணை இல்லை. ஒரே நேரத்தில் ஐந்து பேரும் வந்து விழாமல் இருந்தால்.

வயிற்றில்தான் அந்தக் கழுத்தறுப்பு. ஆர்மர் போட்டவரின் வயிற்றில், மூக்குக்கு நேராக நின்று சுட்டாலும், ஏ1-எஸ் கொடுப்பது 33.25, தசமம் போனால் 33. மூன்று தோட்டா 99. ஒரே ஒரு ஹெல்த் மிச்சம் வைத்துக்கொண்டு எதிராளி திருப்பிச் சுடுவார். மூன்று பட்டதுமே செத்திருப்பார் என்று கையை எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நான்காவதையும் சேர்த்தே விடுங்கள்.

டேமேஜ் எண்ணில் வராத இன்னொரு பலம் சைலன்சர். எதிராளிக்குத் தோட்டாவின் ஒளிக்கீற்று தெரியாது, சத்தமும் அதிகத் தொலைவு போகாது. ஸ்மோக் குண்டின் புகைக்குள் சுடும்போது எங்கிருந்து வருகிறது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மூன்று தோட்டா கூடுதலாக இறங்கிவிடும். ரீகாயிலும் (சுடும்போது துப்பாக்கி உதறுவது) ஏ4-ஐவிடச் சாது. முதல் தோட்டா இன்னும் நேராகப் போகும். பதிவிறக்கிய நாளிலிருந்தே ஸ்ப்ரேயோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இது சின்ன உதவி அல்ல. துல்லியத்தால் கூடுதலாக ஒரு தோட்டா படுகிறது என்றால், மேலே போட்ட கணக்கெல்லாம் அவருக்குச் சாதகமாகச் சாயும்.

## எம்4ஏ4: எங்கே வெல்கிறது

தூரம் கூடக் கூட, தலையில் படும் தோட்டாவை வைத்துப் பாருங்கள். 1500 யூனிட்டில் ஒருவரின் தலையில் ஒன்று, தொடர்ந்து மார்பில் ஒன்று பதிகிறது. நல்ல ஆட்டக்காரரின் இரண்டு, மூன்று தோட்டா பர்ஸ்டில் நடக்கும் சாதாரண விஷயம் இது. ஏ4: 84 + 21 = 105. எதிராளி விழுந்தார். ஏ1-எஸ்: 76 + 22 = 98. இரண்டு ஹெல்த்தோடு சுவருக்குப் பின்னால் போய்விட்டார். தலையும் மார்பும் சேர்ந்து கொல்லும் எல்லை ஏ1-எஸ்-க்கு ஏறக்குறைய 1400 யூனிட்டில் முடிகிறது. ஏ4-க்கு 2300 யூனிட்டுக்குப் பக்கம்வரை நீள்கிறது. நெடுந்தூர இடங்களைக் காப்பவர் இந்த ஒரு வரிக்காகவே ஏ4 எடுக்கலாம்.

ஹெல்மெட் இல்லாத தலை என்றாலும் இதே கதை. இரண்டும் ஒரே தோட்டாவில் கொல்லும். ஆனால் ஏ1-எஸ்-இன் 132, 2250 யூனிட் வாக்கில் 100-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஏ4-க்கு அந்தக் கவலை நடைமுறையில் இல்லை.

இனி மேகசின். தாளில் பார்த்தால், ஆர்மர் போட்டவரின் மார்பில் ஏ4-இன் 30 தோட்டா 6 பேருக்குப் போதும், ஏ1-எஸ்-இன் 20 தோட்டா அருகில் 5 பேருக்குப் போதும். யாரும் அப்படிச் சுடுவதில்லை. மூன்றுக்கு ஒன்று படுகிறது என்று வையுங்கள். ஏ4-இல் 10 தோட்டா படும்; ஆளுக்கு 5 என்றால் இரண்டு பேர். ஏ1-எஸ்-இல் 6 அல்லது 7. ஒருவர் விழுவார், இரண்டாமவர் காயத்தோடு நிற்பார், உங்கள் கையில் காலி மேகசின். விசையை அழுத்திப் பிடித்தால் ஏ1-எஸ் 2 விநாடிக்குள் காலி, ஏ4 2.6 விநாடி தாங்கும். ரீலோடுக்கு இரண்டிலும் சுமார் 3 விநாடி. அந்த 3 விநாடியில் எதிரே நிற்பவர் உங்களைக் கொன்றுவிட்டு ரீலோடும் செய்து முடித்திருப்பார்.

ஏ4-இன் கழுத்தறுப்பு ஆர்மர் இல்லாதவரிடம்: மார்பில் 33 × 3 = 99. ஆக, எதிரணி காசில்லாத ரவுண்டில் ஏ4-க்கு மார்பில் 4 தோட்டா, ஏ1-எஸ்-க்கு 3. ஒரு ஹெல்த்தின் சாபம் இரண்டு துப்பாக்கிக்கும் உண்டு, வேறு வேறு இடத்தில்.

## வெளியே தெரியாத செலவுகள்

வலது பொத்தான். ஏ1-எஸ்-இல் அது சைலன்சரைக் கழற்றும், மாட்டும். வலது பொத்தானில் ஸ்கோப் வரும் ஏயுஜி-யோ ஏடபிள்யூபி-யோ ஆடிப் பழகிய விரல் பதற்றத்தில் அதைத் தட்டிவிட்டால், திருகி முடிக்கும்வரை சுட முடியாது. கழற்றினால் டேமேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றி வருகிறது, கூடாது. சத்தம் கூடும், துல்லியம் குறையும், அவ்வளவுதான். நீங்கள் செத்த பிறகு அதை எடுக்கும் கூட்டாளிக்கும் தொல்லை. கழற்றிய நிலையில் கீழே கிடந்தால் அப்படியேதான் கைக்கு வரும்.

பழக்கத்தின் விலை. இரண்டின் ஸ்ப்ரே வடிவமும் வேகமும் வேறு. ஏ1-எஸ் மட்டுமே ஆடியவர் ஏ4-ஐ எடுத்தால் பத்தாவது தோட்டாவுக்கு மேல் கை தடுமாறும். ஏ4 மட்டுமே ஆடியவர் ஏ1-எஸ்-ஐ எடுத்தால் 21-ஆவது தோட்டாவைத் தேடுவார்.

சுவர் வழியாகவும் ஸ்மோக் வழியாகவும் சுடுவது. ஏ1-எஸ் ஒளிந்து சுடும், ஆனால் அள்ளி இறைக்க முடியாது. ஏ4 இறைக்கும், ஆனால் நிற்கும் இடத்தை ஒளிக்கீற்று காட்டிக் கொடுக்கும். பத்து தோட்டாவை ஸ்மோக்குக்குள் விட்ட பிறகு ஏ4-காரரிடம் 20 இருக்கும். ஏ1-எஸ்-காரரிடம் 10 இருக்கும். ரீலோடு செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் எதிரணி பாய்கிறது.

பணம். ஏ1-எஸ் 2900. முந்தைய ஆட்டமான சிஎஸ்:கோ காலத்தில் 3100-ஆக இருந்த ஏ4-ஐ வால்வ் இறக்கிவிட்டதால், விலை இன்று இந்த முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை. பணக் கணக்கு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: எந்த எம்4-உம் ஹெல்மெட் போட்ட தலையை ஒரே தோட்டாவில் எடுக்காது. ஆகவே டி பக்கத்தினருக்கு ஹெல்மெட்டின் 350 தவறாமல் லாபம். ஏகே-யோ ஹெல்மெட்டையும் துளைத்துக் கொன்றுவிடும். அதனால் எதிரணி முழுக்க ஏகே வைத்திருக்கும் ரவுண்டில் சிடி-க்காரர் ஹெல்மெட்டை விட்டு, அந்த 350-ஐ ஒரு ஸ்மோக்குக்குப் போடுவதில் தவறில்லை.

## இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இன்ஃபெர்னோ மேப்பின் பனானா பாதையில் கூட்டமாக வருபவர்களைத் தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை என்றால் ஏ4. அங்கே ஒருவரைச் சுட்டுவிட்டு ஒளிவது அரிது. இரண்டாமவர் தோளோடு தோள் உரசி வருவார். மிராஜ் மேப்பின் கனெக்டரில் தனியாக நின்று, ஒருவரை எடுத்து, இடம் மாறி மறுபடி ஒருவரை எடுக்கும் ஆட்டம் என்றால் ஏ1-எஸ். சத்தம் குறைவு என்பது அங்கே டேமேஜைவிடப் பெரிய ஆயுதம். டஸ்ட் 2-இன் லாங் போன்ற நீண்ட பாதையில் பலர் துல்லியத்துக்காக ஏ1-எஸ் எடுக்கிறார்கள். தலையில் இரண்டு தோட்டாவை நம்பி வைக்க முடியும் என்றால் சரி. ஒன்றுதான் படும் என்றால், தலை + மார்பு கணக்கு ஏ4 பக்கம்தான்.

எந்தத் துப்பாக்கியானாலும் கையெறி குண்டை வீணாக்காதீர்கள். ஏ4-இன் ஹெட்ஷாட் 1000 யூனிட்டில் 86. எதிராளி முன்னதாகவே 14 ஹெல்த் இழந்திருந்தால் ஒரே தோட்டாவில் முடியும். ஏ1-எஸ்-க்கு அங்கே 19 இழந்திருக்க வேண்டும். 2000 யூனிட்டில் அது 19, 28 என்று விரிகிறது. சும்மா எறிந்த ஒரு குண்டின் ஓரச் சிதறல்கூட ஏ4-ஐ ஏகே ஆக்கிவிடும்.

## கீழே கிடக்கும் ஏகே

டேமேஜை மட்டும் பார்த்தால் விவாதமே இல்லை. ஏகே 2700 யூனிட் வரை ஹெல்மெட் தலையை ஒரே தோட்டாவில் எடுக்கும். அதே தூரம்வரை மார்பில் 4 தோட்டா. ஏ1-எஸ் 500 யூனிட்டில் தொலைக்கும் பலத்தை ஏகே அதைப்போல ஐந்து மடங்குத் தொலைவுக்குச் சுமக்கிறது. ஏகே-யோடு நடை கொஞ்சம் மெதுவாகும், விநாடிக்கு 225 யூனிட்டுக்குப் பதில் 215, ரீகாயிலும் முரடு. ஸ்ப்ரே கையில் நிற்பவர் எடுக்கலாம். எடுக்கும் முன் மேகசினைப் பாருங்கள்: செத்தவர் சுட்டுத் தீர்த்த மிச்சம்தான் அதில் இருக்கும். 4 தோட்டா ஏகே-க்காக 30 தோட்டா ஏ4-ஐ விட்டெறிவது அடிக்கடி நடக்கும் கூத்து.

## ஃபமாஸும் ஏயுஜி-யும்

ஃபமாஸ் காசு பற்றாத ரவுண்டுக்கானது. தலையில் 84, மார்பில் 21, மேகசின் 25. அருகில் அதுவும் 5 தோட்டாதான் என்பதைக் கவனியுங்கள்.

ஏயுஜி விலை 3300. அடிப்படை டேமேஜ் வெறும் 28, ஆனால் ஆர்மரைத் தாண்டி 90% போகும். ஹெல்மெட் தலையில் 100.8 என்பதால் 200 யூனிட்டுக்குள் ஒரே தோட்டா. அந்தத் தூரத்தில் யாரும் ஸ்கோப்பைத் தேட மாட்டார்கள். அதன் மெய்யான குணம் தூரத்தில்: மார்பில் 5 தோட்டா என்ற கணக்கு எந்த மேப்பிலும் உடையாது. ஒரே நீண்ட பாதையை ஆடாமல் காப்பவர், கையில் காசு மிஞ்சினால், இரண்டு எம்4-ஐயும் விட்டு இதை யோசிக்கலாம்.

## இரண்டையும் வைத்துக்கொள்ள வழி

சிஎஸ்:கோ-வில் இரண்டில் ஒன்றைத்தான் லோட்அவுட்டில் (ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் ஆயுதப் பட்டியல்) வைக்க முடியும். சிஎஸ்2-இல் ரைஃபிள் பகுதிக்கு 5 இடங்கள். ஃபமாஸ், எம்4ஏ4, எம்4ஏ1-எஸ், எஸ்எஸ்ஜி 08, ஏடபிள்யூபி என்று நிரப்பினால் வெளியே போவது ஏயுஜி-யும் ஸ்கார்-20-உம் மட்டும். ஸ்கார் போவதற்கு யாரும் அழப்போவதில்லை. அதன்பின் எந்த சைட்டை (குண்டு வைக்கும் இடம்) காக்கிறீர்கள் என்பதைப் பார்த்து ரவுண்டுக்கு ரவுண்டு வாங்கலாம்.

நீங்கள் காக்கும் இடம் 500 யூனிட்டுக்கு உள்ளா, 1400-க்கு வெளியா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். செட்டிங்ஸில் டெவலப்பர் கன்சோலை இயக்கி, தனியாக ஒரு பிராக்டிஸ் மேட்ச் திறந்து சீட்ஸை அனுமதியுங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று கெட்பாஸ் (getpos) கட்டளையைக் கொடுத்தால் ஆறு எண்கள் வரும்; முதல் மூன்றுதான் நீங்கள் நிற்கும் இடம். எதிராளி தலைகாட்டும் மூலைக்குப் போய் மறுபடி கொடுங்கள். மட்டமான தரை என்றால் முதல் இரண்டு எண்களின் வித்தியாசங்களைத் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வந்துவிடும். 300-உம் 400-உம் வித்தியாசம் என்றால் சரியாக 500. அந்த மூலையில் ஏ1-எஸ் வைத்திருப்பவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாலே ஒரு தோட்டா கூடுதலாகச் செலவழிப்பார்.